வேலை தெரியும், வேலை பழக்கத் தெரியாது என்றால்

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான். மட்டக்களப்பு டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் நாலு வருசமாகக் கவுண்டரில் நிற்கிறார். அடுத்த மாதம் புதிதாக ஐந்து பேர் வருகிறார்கள். மனேஜர் கூப்பிட்டு, "இனி இவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிறது நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். ஐவரில் இரண்டு பேர் இவரைவிட மூத்த பெண்கள், ஒருவர் அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பெடியன், மற்ற இரண்டும் ஏ.எல். எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள். "எனக்கு வேலை தெரியும், படிப்பிக்கத் தெரியாது. எங்க தொடங்குறது? ஸ்லைட் செய்யவா? ஏதும் கோர்ஸ் இருக்கா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, ஸ்லைட் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டு மறுகா மற்றதுக்கு வாறன்.

நான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் ஸ்டோர் கிளார்க்காகத் தொடங்கினவன். ஆறு வருசத்துக்குப் பிறகு, நெல் வாங்கும் இடத்தில் நிற்கிற புதுப் பெடியன்களைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது. கடன் வாங்கின புரொஜெக்டர், 34 ஸ்லைட், இரண்டரை மணித்தியாலப் பேச்சு. நெல்லின் ஈரப்பதம் ஏன் நூற்றுக்கு 14க்கு மேல் போகக் கூடாது, மீட்டர் எப்படி வேலை செய்கிறது, ஈர நெல்லைக் கட்டி அடுக்கினால் என்ன நடக்கும், ஒன்றையும் விடவில்லை. நடுவில் ரோல்ஸும் பிளேன்ரீயும். கடைசியில் "விளங்கிச்சா?" என்று கேட்டேன். எட்டுப் பேரும் "ஓம் சேர்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாங்கத் தொடங்கி மூன்றாம் நாள் ஒரு ட்ரக்டர்ப் பெட்டி நெல் வந்தது. பெடியன் மேல் சாக்கில் ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டான். 13.8 காட்டியது. இறக்கிவிட்டான். அடியில் கிடந்த சாக்குகளோ வெட்டின கையோடு காயப்போடாமல் கட்டினவை. நாலு நாள் கழித்து ஸ்டோருக்குள் போனால் வாசலிலேயே புளித்த மணம். சாக்குக்குள் கையை விட்டால் சூடு. அரிசி மஞ்சளடித்துப் போயிற்று. முதலாளி பெடியனைத்தான் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திட்டு வாங்க வேண்டியவன் நான். 34 ஸ்லைட்டில் ஒன்றில்கூட "அடிச் சாக்கில் எடு" என்ற மூன்று சொல் இல்லை. எனக்கு அது தெரிந்த விசயம்தான். கை தன்பாட்டில் செய்துகொண்டிருந்ததால் வாய்க்கு வரவில்லை.

உங்களுக்கும் இதுதான் முதல் கண்டம். நாலு வருசம் ஒரே வேலையைச் செய்தவருக்கு அதில் பாதி மறைந்துபோகும். 1990ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி ஒரு சின்னச் சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டினவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டது 3. தட்டுகிறவனின் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, கேட்கிறவனுக்கு வெறும் டக் டக். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் இன்றைக்கு இரவு வீட்டில் யாரையாவது வைத்துத் தட்டிப் பாருங்கள். எரிச்சல் வரும். அந்த எரிச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புது ஆள் மூன்றாம் தரமும் பிழை விடும்போது உதவும்.

ஆகவே முதல் வேலை படிப்பிக்கிறது இல்லை, உங்கள் கை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்தச் சீரழிவுக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மில்லில் ஒரு காக்கா, வயதில் மூத்த முஸ்லிம் ஒருவர், இருந்தார், முப்பது வருசம் நெல் பார்த்தவர். மீட்டரைத் தொடவே மாட்டார். நெல்லைக் கடித்துப் பார்த்து, "இது வேணா, கொண்டுபோய்க் காயப்போடச் சொல்லு" என்பார். பிறகு மீட்டரில் போட்டால் 17 காட்டும். எப்படி என்று கேட்டேன். "அது கைக்கும் பல்லுக்கும் தெரியும் மகன், சொல்லித்தர ஏலாது" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவரால் சொல்ல முடியவில்லை.

அதனால் கேட்பதை விட்டுவிட்டு ஒரு காலைநேரம் முழுக்க அவருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தேன். அவர் செய்வதை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மேல் சாக்கில் கையை முழங்கை வரை விடுகிறார். நெல்லை உள்ளங்கையில் எடுத்து விரலிடுக்கால் ஒழுக விடுகிறார். பிறகு ஒரு நெல்லைக் கடிக்கிறார். மறுகா அடிச் சாக்கு ஒன்றை இழுக்கச் சொல்லி அதில் ஒன்றைக் கடிக்கிறார். பத்தாவது பெட்டியில்தான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு நெல்லைக் கடித்து ஈரம் சொல்லவில்லை. மேல் நெல்லையும் அடி நெல்லையும் கடித்து, இரண்டு சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். காய்ந்தது நறுக்கென்று உடையும். ஈரமானது பல்லில் நசியும். இரண்டும் ஒரே மாதிரி உடைந்தால் சுணங்காமல் இறக்கச் சொல்கிறார். மாறி உடைந்தால்தான் நின்று யோசிக்கிறார். நான் இதைச் சொன்னபோது காக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியா செய்யிறன்?" என்று கேட்டார்.

பெடியன்களுக்கு நான் அதற்குப் பிறகு கொடுத்தது ஒரே ஒரு பழக்கம். மேலிலும் அடியிலும் நெல் எடு, கடி, எத்தனை என்று ஊகித்து வாயால் சொல்லு, அதற்குப் பிறகுதான் மீட்டரில் போடு. சொன்னதும் காட்டியதும் பக்கத்துப் பக்கத்தில் கொப்பியில் எழுத வேண்டும். முதல் நாள் கண்டபடி பிழைத்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் நல்ல பெடியன்கள் ஒரு புள்ளி முன்னே பின்னே சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மீட்டரின் பெட்டரி இறங்கிப் பிழையாகக் காட்டிய அன்று அதைக் கண்டுபிடித்தது ஒரு பெடியன்.

உங்கள் கவுண்டருக்கு வருவோம். கொப்பியில் ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள்: என்ன செய்கிறேன், எதைக் கவனமாகச் செய்கிறேன், ஏன். ஒரு சின்ன வேலையை மட்டும் எடுங்கள். பில் போடுவது என்று எடுத்தால் அது கடல். "5000 ரூபாய் நோட்டு வாங்கி மிச்சம் கொடுப்பது" என்று எடுங்கள். உங்களுக்கு அது பத்து விநாடி வேலை. மெதுவாகச் செய்து பார்த்தால் இவ்வளவும் இருக்கும்: நோட்டைக் கையில் வாங்கியதும் "ஐயாயிரம்" என்று வாய்விட்டுச் சொல்கிறீர்கள். தடவிப் பார்க்கிறீர்கள், வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்க்கிறீர்கள். தொகையை அடிக்கிறீர்கள். லாச்சி திறக்கிறது, ஆனால் நோட்டை உள்ளே போடுவதில்லை, லாச்சிக்கு மேலேயே குறுக்காக வைக்கிறீர்கள். மிச்சத்தை ஒருமுறை எடுத்து எண்ணி, இரண்டாம் முறை வாடிக்கையாளரின் கையில் சத்தமாக எண்ணி வைக்கிறீர்கள். அவர் கையை மூடின பிறகுதான் 5000 உள்ளே போகிறது.

நோட்டை மேலே வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். "நான் அஞ்சாயிரம் தந்தன், நீங்க ஆயிரத்துக்கு மிச்சம் தாறீங்க" என்று ஒருவர் நின்றால், நோட்டு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, கதை முடிந்தது. உள்ளே போட்டிருந்தால் மனேஜர் வந்து, லாச்சியை எண்ணி, பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று முணுமுணுத்து, மானம் போகும். இந்த "ஏன்" தெரியாத புது ஆள் இரண்டு நாள் நோட்டை மேலே வைப்பார், மூன்றாம் நாள் சனம் கூடினதும் உள்ளே போட்டுவிடுவார். காரணம் தெரிந்தவர்தான் அவசரத்திலும் அந்தப் படியை விடாமல் செய்வார். நீங்கள் இதைப் புதியவர்களுக்குச் சொல்லுவீர்களா என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு அடிச் சாக்கு மாதிரி உங்களுக்கு இது.

வேலையை இப்படித் தாளில் பிரித்து எழுதிப் பழக்குவது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் வேலை தெரிந்தவர்கள் படைக்குப் போக, தொழிற்சாலைகளுக்குள் ஒன்றும் தெரியாத ஆண்களும் பெண்களும் வந்து நிறைந்தார்கள். 1940 தொடக்கம் 1945 வரை "ட்ரெய்னிங் விதின் இன்டஸ்ட்ரி" என்று ஒரு அரச திட்டம் நடந்தது. அதில் ஒரு பாகம், சுப்பர்வைசர்மாருக்கு வேலை பழக்கும் முறையைப் பழக்குவது: இரண்டிரண்டு மணித்தியாலமாக ஐந்து வகுப்பு, மொத்தம் 10 மணித்தியாலம். திட்டம் முடியும்போது 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வகுப்புகளில் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா ஆலைகளில் வேர்விட்டது. சட்டைப் பைக்குள் வைக்கிற அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் இருந்தது நாலே படி: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விட்டுப் பார், பிறகும் போய்ப் பார். ஆள் பழகவில்லை என்றால் பழக்கினவர் பழக்கவில்லை என்ற கருத்தில் ஒரு வசனமும் அதில் இருந்தது. அந்த வசனம் எனக்கு மஞ்சளடித்த அரிசியை ஞாபகப்படுத்தும்.

செய்து காட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று தரம் காட்ட வேண்டும். முதல் தரம் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு. இரண்டாம் தரம் எதைக் கவனிக்கிறேன் என்பதையும் சேர்த்து. மூன்றாம் தரம் ஏன் என்பதையும். ஒரே தரத்தில் மூன்றையும் கொட்டினால் ஒன்றும் ஏறாது. பக்கத்தில் நின்று காட்டுங்கள், எதிரில் நின்று காட்டாதீர்கள். எதிரில் நின்றால் அவருக்கு உங்கள் வலது இடதாகத் தெரியும். நெல்லுத் தராசில் நிறை படிப்பதை எதிரில் நின்று காட்டி ஒரு நாள் முழுக்க நான் வீணாக்கியிருக்கிறேன்.

மறுகா செய்ய விடுவது. அவர் செய்யும்போது உங்கள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கட்டுங்கள். இல்லாவிட்டால் பிழை வருகிற நேரம் உங்கள் கை முந்தும். உங்கள் கை முந்தினால் அவர் கை பழகாது. ஆபத்தோ காசு நட்டமோ வரும் என்றால் மட்டும் தடுங்கள். செய்யும்போதே "இப்ப என்ன செய்யிறன், ஏன் செய்யிறன்" என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். வாய் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் விளங்கவில்லை.

"விளங்கிச்சா?" என்ற கேள்வியை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கட ஆட்கள் அதற்கு "ஓம்" என்றுதான் சொல்லுவார்கள். மரியாதைக்குச் சொல்லுவார்கள், வெட்கத்துக்குச் சொல்லுவார்கள், மற்றவன் முன்னால் மக்கு என்று பேரெடுக்கப் பயந்து சொல்லுவார்கள், தேத்தண்ணிக்கு நேரமாயிற்று என்றும் சொல்லுவார்கள். "சரி, ஒருத்தர் அஞ்சாயிரம் நீட்டுறார், பில் 1,340. எனக்குச் செய்து காட்டுங்க" என்று கேட்டால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கை செய்யும் அல்லது நிற்கும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதையெல்லாம் அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை என்று பிறகு எனக்குத் தோன்றியது. எங்கட மாமா ஒருவர் வடமோடிக் கூத்தில் ஆடினவர். பகலெல்லாம் வயலில் நின்று களைத்த ஆளை இரவில் களரிக்குக் கூப்பிட்டு, மாதக் கணக்கில் பழக்கி, விடிய விடிய ஆட வைக்கிறார் அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். எப்படி? சட்டங் கொடுக்கிற அன்று, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாட்டை எழுதிக் கொடுக்கிற அன்று, ஆளாளுக்குத் தன் பங்கு மட்டும்தான். முழுக் கூத்துக் கொப்பியையும் தூக்கி யார் கையிலும் கொடுப்பதில்லை. தாளக்கட்டை வாயால் சொல்லி, கால் அதைப் பிடிக்கும் வரை திருப்பித் திருப்பி ஆட விடுகிறார். ஆட்டம் பிடிபட்ட பிறகுதான் சதங்கை அணிகிற நாள் வரும். காலில் சதங்கை ஏறினால் ஊருக்கே தெரியும், இவன் தேறிவிட்டான் என்று. மாமா அரங்கேற்றத்தைவிடச் சதங்கை கட்டின இரவைப் பற்றித்தான் கூடக் கதைப்பார். உங்கள் கடையிலும் இப்படி ஒன்று வைக்கலாம். லாச்சிச் சாவி கையில் தருகிற நாள், தனியாகக் கவுண்டரைத் திறக்க விடுகிற நாள். அது சும்மா வந்துவிடக் கூடாது. ஐந்து வேலையை உங்கள் முன்னால் பிழையில்லாமல் செய்து காட்டின பிறகு வர வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் வரத் தேவையும் இல்லை.

மூத்தவர்கள் இருவரையும் பற்றித்தான் நீங்கள் கூடப் பயப்படுகிறீர்கள் என்று எழுத்தில் தெரிகிறது. அவர்களைப் படிப்பிக்க வேண்டாம், முதலில் கேளுங்கள். "அக்கா, நீங்க முந்தி நிண்ட கடையில மிச்சம் குடுக்கிறது எப்படி?" காத்தான்குடிப் பக்கத்தவர் என்றால் "ராத்தா" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். இருபது வருசம் குடும்பத்துக்குச் செலவுக் கணக்குப் பார்த்த கைக்குக் காசு எண்ணத் தெரியாமல் இருக்காது. தெரியாதது கம்பியூட்டரும் உங்கள் கடையின் ஒழுங்கும்தான். அவர்கள் சொல்வதில் சரியானதை ஏற்று, மற்றவர்களுக்கு முன்னால் "ராத்தா சொன்ன மாதிரி" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது அவர் காதில் விழும். பிழை விட்டால் சிறுசுகளுக்கு முன்னால் திருத்தாதீர்கள். பக்கத்தில் போய் மெதுவாக, அதுவும் "இந்த மெஷின் இப்படித்தான் கேக்குது" என்று பழியை மெஷினில் போட்டு. இது தந்திரம் என்று உங்களுக்குப் படலாம். வயதுக்குக் கொடுக்கிற மரியாதையும் இதுதான். சில நேரம் மூத்தவர் ஒருவர் பழகவே மாட்டேன் என்று நிற்பார். அனேகமாக அது பிடிவாதம் இல்லை, எழுத்துக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். எனக்கு இது இரண்டு பேரில் நடந்தது.

சிங்களத் தம்பிக்கு மொழி பெரிய தடை என்று நினைக்க வேண்டாம். கை வேலையைக் கை காட்டும். இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். நீங்கள் செய்து காட்டிய பிறகு அவரைச் சிங்களத்திலேயே சொல்லிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதி விளங்காவிட்டாலும் எங்கே வாய் நிற்கிறது என்று தெரியும். அடுத்தது, தமிழில் அவருக்குக் கட்டாயம் வேண்டிய இருபது சொல்லைத் தாளில் சிங்கள எழுத்தில் எழுதி லாச்சிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: மிச்சம், மாத்தின காசு, பை, தக்காளி, கீரிச்சம்பா. பதிலுக்கு அவரிடம் இருபது சொல் நீங்களும் பழகுங்கள். நான் பழகினது உகணைப் பக்கத்து லொறி டிரைவர் ஒருவரிடம். அதில் பாதி கெட்ட வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது.

ஞாபகத்தைப் பற்றி. 1885ல் ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே போய்விடுகிறது என்று எழுதினார். பின்னே வந்த ஆராய்ச்சிகளில் எனக்கு உதவினது 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்தது. ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் ஞாபகப்படுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தால் வாசித்தவர்கள் முன்னால். ஒரு கிழமைக்குப் பிறகு சோதித்தால் ஞாபகப்படுத்தி எழுதினவர்கள் முன்னால். கவுண்டரில் இதற்கு என்ன அர்த்தம்? இரண்டாம் நாள் காலையில் நேற்றுச் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லாதீர்கள். அவரைச் சொல்லச் சொல்லுங்கள். திக்கித் திணறினால் கொஞ்சம் விடுங்கள், அந்தத் திணறலில்தான் அது பதிகிறது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போதும்.

இந்த வழியில் போகும்போது உங்களுக்கு இரண்டு சரக்கை விற்க வருவார்கள். ஒன்று, "வாசித்தால் 10 வீதம் ஞாபகம், பார்த்தால் 30 வீதம், செய்தால் 90 வீதம்" என்று ஒரு முக்கோணம். எட்கர் டேல் என்பவர் 1946ல் வெளியிட்ட கூம்புப் படத்தில் ஒரு வீதமும் இல்லை. பிறகு யாரோ ஒட்டின இலக்கம் அது. மற்றது, சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், ஆளைப் பிரித்து அதற்கேற்பப் படிப்பியுங்கள் என்பது. 2008ல் நாலு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்து, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காசு எண்ணுவதைக் காதால் கற்க ஏலாது, யாராக இருந்தாலும்.

பயிற்சி சரிவந்ததா என்று எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு தாள் கொடுத்து "நன்று, மிக நன்று" என்று கோடு போடச் சொல்லுவார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959லேயே இதை நாலாகப் பிரித்தார்: ஆளுக்குப் பிடித்ததா, பழகினாரா, வேலைக்குப் போய் அப்படிச் செய்கிறாரா, அதனால் கடைக்கு ஏதும் மாறியதா. கோடு போடுகிற தாள் முதலாவதோடு நிற்கிறது. ரோல்ஸ் நன்றாக இருந்தாலே "மிக நன்று" விழும், என் அனுபவம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவதையும் நாலாவதையும். நோட்டை மேலே வைக்கிறாரா என்று சனிக்கிழமைப் பின்னேரம், சனம் கூடின நேரத்தில், தூரத்தில் நின்று பாருங்கள். நாள் முடிவில் லாச்சியில் காசு எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூடியது, எத்தனை பில் அழித்தார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். காசு கூடினதையும் குறைந்ததைப் போலவே கவனியுங்கள். கூடியது என்றால் யாரோ ஒரு அம்மாவுக்கு மிச்சம் குறைந்திருக்கிறது.

இங்கே ஒன்றை மனேஜரிடம் முன்கூட்டியே கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் குறைந்த காசைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பழகுகிற முதல் இரண்டு கிழமையும் அது வேண்டாம் என்று கேளுங்கள். பயந்த ஆள் பிழையை மறைப்பார், சொந்தக் காசை வைத்துச் சமன் செய்வார். மறைத்த பிழை உங்கள் கொப்பிக்கு வராது, வராத பிழையை நீங்கள் திருத்த ஏலாது. எங்கள் மில்லில் ஈர நெல் இறக்கின பெடியன் திட்டு வாங்கின பிறகு, மற்ற ஏழு பேரும் ஒரு மாதமாக என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

கோர்ஸ் கேட்டீர்கள். இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்று 7 மட்டம் இருக்கிறது. அதை நடத்துவது 1990ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆள் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பிரித்து எழுதின தேர்ச்சி நியமங்கள் அவர்களிடம் உண்டு. உங்கள் தொழிலுக்கு இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றை எடுத்து வாசியுங்கள், ஒரு வேலையை எப்படித் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள் என்று பிடிபடும். சான்றிதழ் இல்லாமல் வருசக்கணக்கில் வேலை செய்தவர்களுடைய அனுபவத்தைச் சோதித்துத் தகைமை கொடுக்கிற வழியும் அதில் இருக்கிறது. அந்த மூத்த அக்காமாருக்கும் உங்களுக்கும் பின்னாளில் பயன்படலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் பழக்குவேன் என்று காத்திருக்காதீர்கள், ஆட்கள் அடுத்த மாதம் வந்துவிடுவார்கள்.

இப்போதைக்கு இந்தக் கிழமை உங்கள் கூட நிற்கிற ஒருவரைப் பிடித்து, நீங்கள் 5000 ரூபாய் நோட்டு வாங்குவதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் முகம் விழாமல், கையை மட்டும். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து மூன்று பத்தித் தாளை நிரப்புங்கள். நிரப்பினதை வேலையே தெரியாத ஒருவரிடம், வீட்டில் தம்பியிடமோ தங்கச்சியிடமோ கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அதைப் பார்த்துச் செய்ய விடுங்கள். அவர் நிற்கிற இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது. இப்படி ஆறு ஏழு வேலைக்குத் தாள் இருந்தால் முதல் கிழமைக்குப் போதும்.

மனேஜர் மேல்மாடியில் ஏசி ரூம் தாறன், ஐந்து பேரையும் ஒரு நாள் முழுக்க வைத்துச் சொல்லிக் கொடுங்க என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் சனம் குறைந்த நேரம் ஒரு கவுண்டரை மூடித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர், ஒரு வேலை, இருபது நிமிடம். மிச்சம் மூன்று பேரும் அந்த நேரம் பை கட்டிக்கொண்டு நிற்கட்டும். அங்கே நின்றாலே, மிச்சம் வாங்காமல் போகிற ஆட்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.